அரக்குக்கு முன்னால் மஞ்சள்

சம்பந்தத்தின் சாயப்பட்டறையில் காலையில் முதல் அண்டாவில் இறங்குவது அரக்குதான். மஞ்சளுக்கு அவசரம் என்று ஒருவர் வாசலில் நின்றாலும், கிளிப்பச்சை நூல் வராமல் ஒரு தறி சும்மாக் கிடந்தாலும், முதலில் அரக்கு. அது கூறைப்புடவையின் நிறம். அதில் அடுப்பைத் தொடங்கினால் அன்றைய வேலை குறையில்லாமல் போகும் என்பது அந்த வீட்டு வழக்கம். ஆரணியில் வேறு பட்டறைகளிலும் இப்படி ஒரு கட்டாயம் உண்டா என்று ஜெயப்ரியா கல்யாணமாகி வந்த புதிதில் விசாரித்துப் பார்த்தாள். "எங்க வீட்ல யாரு மொதல்ல வராங்களோ அவங்க கலரு" என்றார்கள்.

அரக்கில் ஒரு சங்கடம் இருந்தது. அது வெந்த அண்டாவில் அடுத்தாற்போல் வெளிர் நிறம் எதையும் இறக்க முடியாது. கொதிக்கிற தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, அண்டாவைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, விறகைத் தள்ளி மறுபடி சூடேற்ற வேண்டும். மஞ்சள் முடிந்ததும் கத்தரிப்பூ நிறம் கேட்டு ஒருவர் வருவார். மறுபடியும் கவிழ்க்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் பின்சுவரின் ஓட்டை வழியாக எல்லா நிறமும் இறங்கிப் போயிருக்கும். கச்சாப் பட்டு நூலைப் பசை போக அவித்த சோப்புத் தண்ணீரும் அதே வழிதான். கஞ்சி போல நுரைத்துக்கொண்டு, அவிந்த பட்டின் கவுச்சியோடு போகும்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடை. ஓடையை ஒட்டிக் கலையரசியின் கனகாம்பரத் தோட்டம். அவளுடைய மாமனார் காலத்தில் அது அவர்கள் கூலிக்குப் போன நிலம். அவள் புருஷன் சின்னதுரை பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்து அனுப்பியதில் வாங்கிப் போட்டிருந்தார்கள். ஓடைப் பக்கத்துப் பாத்திகளில் செடி இலை சுருங்கிப் பழுப்பேறி நின்றது. கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

இந்த ஓட்டையால்தான் ராஜ்குமார் வீட்டைவிட்டுப் போனான். அப்படித்தான் ஜெயப்ரியா நம்பினாள். சம்பந்தத்தின் ஒரே பையன், அவளுடைய புருஷன். கல்யாணமான வருஷமே அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை ஆரம்பித்துவிட்டது. தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற தொட்டி கட்ட வேண்டும் என்று பிள்ளை ஆள் கூட்டி வந்தான். "கட்டு. என் தலமேல கட்டு" என்றார் அப்பா. அன்று ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போனது. பொங்கல் கழிந்ததும் அவன் பெருந்துறைப் பக்கம் ஒரு பெரிய சாய ஆலையில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகாதாம். அதையே திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து எடுத்துக்கொள்வார்களாம். போய் இரண்டு வருஷம் ஆகிறது. தீபாவளிக்கு வருவான், ஒரு நல்லது கெட்டதுக்கு வருவான். வந்தாலும் பட்டறைக்குள் கால் வைப்பதில்லை.

பெண் பார்க்க வந்தபோது அவள் முதலில் கவனித்தது அவன் நகங்களைத்தான். நகக்கண்ணில் மயில் கழுத்து நிறம் ஏறியிருந்தது. காபி டம்ளரை வாங்கும்போது அதை மறைக்கப் பார்த்தான். போன தீபாவளிக்கு வந்தபோது அந்த நகங்கள் ஆபீஸ்காரர் நகம் போல வெளுத்திருந்தன. "அங்க எல்லாம் மிஷினுதான்" என்றான். அன்று முழுக்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. யாரோ ஒருவரை வீட்டுக்குள் விட்டுவிட்ட மாதிரி.

அவன் போன பிறகு ஆள் போதவில்லை என்று பட்டறைக்கு வந்தவள் அவள். சடையப்பன் என்கிற வேலையாள் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் நின்று, சிட்டம் சிட்டமாக, கட்டுக் கட்டாக, கோலில் தொங்குகிற பட்டு நூலை ஆவி பறக்கும் சாயத்தில் முக்கித் திருப்புவார்கள். இப்போது சாயம் ஏறியிருப்பது அவள் நகங்களில்.

சாயங்காலம் ஷிஃப்டு முடிந்து அவன் போன் பண்ணுவான். அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"சாப்டீங்களா?"

"இல்ல. இனிமேதான் ஆக்கணும். நீ?"

"அத்த களி கிண்டிகினு கீறாங்க. கருவாட்டுக் கொழம்பு."

"சும்மா இருடி. வயித்தெரிச்சல கெளப்பாத. இங்க ஓட்டல்ல எல்லாத்திலயும் தேங்காய அரைச்சி ஊத்திடறானுங்க."

அவள் சிரித்தாள். இப்படியே கொஞ்ச நேரம் பேசினால் போதும் என்றிருக்கும். ஆனால் அடுத்தது அவன் எப்போதும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்பான்.

"இன்னிக்கி எத்தினி வாட்டி கவுத்தாரு உங்க மாமா?"

"வழக்கம்போலதான்."

"திருந்த மாட்டாரு. கலையரசிக்கா மூஞ்சில முழிக்கவே எனக்கு வெக்கமாக் கீது. சின்னதுரையும் நானும் ஒண்ணாப் படிச்சவங்க. அவன் நெலத்துல வெஷத்த ஊத்திட்டு அவங்கிட்ட இன்னா மச்சான்னு எப்டி பேசறது?"

அவள் கேட்டாள். "தண்ணி நின்னுட்டா வருவீங்களா?"

"நிக்காது ஜெயா."

"நின்னா?"

"நின்னா அடுத்த பஸ்ல வரேன்."

விளையாட்டாகச் சொன்னானோ என்னவோ. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஆலையில கலருக்கு இன்னா வரிச வெப்பீங்க?"

"வெளிர்ல ஆரம்பிச்சி அடர்த்திக்குப் போவோம். ஏன்?"

"சும்மாதான்."

அன்றிலிருந்து அது அவள் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மஞ்சள் வெந்த தண்ணீரில் சாயம் முக்கால்வாசி பட்டில் ஏறிவிடும். மிச்சத் தண்ணீரில் கொஞ்சம் சிவப்பைச் சேர்த்தால் ஆரஞ்சு. அதில் இன்னும் சேர்த்தால் அரக்கு. அதற்கப்புறம் காப்பிக்கொட்டை நிறம், கருப்பு. இன்னொரு நாள் சிவப்புக்குப் பதில் நீலத்தைச் சேர்த்தால் பச்சை, மயில் கழுத்து. ஒரே சூடு, சாயம் பிடிக்க ஊற்றுகிற ஆசிட்டும் ஒன்றே, கடைசியில் ஒரே ஒரு தடவை கவிழ்ப்பது. இது தனக்கே தோன்றியதா, அவன் சொன்னதால் தோன்றியதா என்று அவளுக்கு நிச்சயமில்லை. இவ்வளவு சுலபமான ஒன்றை வேறு யாரும் யோசித்திருக்க மாட்டார்களா, இதில் ஏதோ ஓட்டை இருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்றும் தோன்றியது. பல நாள் வாயைத் திறக்காமலேயே இருந்தாள்.

ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டுவிட்டாள். தீபாவளி கழிந்திருந்தது, வெளியே ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது.

"மாமா, நாளைக்கி மொதல்ல மஞ்சள எறக்கிப் பாக்கலாமா?"

சம்பந்தத்தின் கை தட்டில் நின்றது. "யாருக்கு அவசரம்?"

"அவசரம்னு இல்ல மாமா." அவள் வரிசையைச் சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கிப் போனது.

"அவன் சொன்னானா?"

"நான்தான் மாமா."

"அவன் பேசற மாதிரியே கீது." களியைக் குழம்பில் புரட்டிக்கொண்டே சொன்னார். "சரி, கேளு. வர்றவன் உன் வரிசைப்படியா வருவான்? அருணகிரிக்கு அரக்கு வேணும்னா காலைல வேணும். சாயங்காலம் வான்னு நீ சொன்னா, வண்டிய அடுத்த தெருவுக்குத் திருப்பிடுவான். வெறகு மிச்சமாவும், ஆசிட் மிச்சமாவும், ஆளு போயிடுவான். ஆளு போன பட்டறைல மிச்சமான வெறக வெச்சிகினு இன்னா பண்ணுவ? குளிர் காய்வியா?"

அவர் சொன்னதும் நியாயம்தான்.

"அப்பறம், மொத அடுப்பு அரக்கு. அத்தான் மங்கலம். எங்க அப்பா காலத்து வழக்கம்."

பரிமாறிக்கொண்டிருந்த மாமியார் அபிதகுசாம்பாள் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "ஏங்க, உங்க வேட்டிய மொதல்ல ஊற வெக்கிறேனா, லுங்கிய மொதல்ல ஊற வெக்கிறேனா?"

"அதுக்கும் இதுக்கும் இன்னாடி?"

"வேட்டி, அப்பறம் பொடவ, கடசில உங்க பட்டறை லுங்கி. எல்லாம் ஒரே சோப்புத் தண்ணி. உங்க லுங்கிய மொதல்ல போட்டா அந்த வேட்டியக் கட்டிகினு நீங்க கல்யாணத்துக்குப் போவ முடியுமா? அதத்தான் அவளும் சொல்றா."

"பட்டும் வேட்டியும் ஒண்ணா?"

"மங்கலம்னு சொன்னீங்களே. தாலிக் கயிறு இன்னா கலரு? அரக்கா?"

சம்பந்தம் மருமகளைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி வெச்சிகினு கீறீங்க."

"பேசி வெக்கிலீங்க. எனக்கு எம் புள்ள வேணும்" என்றாள் அபிதகுசாம்பாள். கை கழுவ எழுந்த சம்பந்தம் வாசற்படியில் நின்று மழையைப் பார்த்தபடி சொன்னார்: "மழக் காலம். வேல மந்தமாத்தான் கீது. இந்த மாசம் பாரு. ஒரு ஆளு கோச்சிகினு போனாலும் பழையபடிதான்."

மறுநாள் முதலில் மஞ்சள் இறங்கியது. சடையப்பன் கோலைத் திருப்பிக்கொண்டே, "இன்னா பாப்பா, அடுப்பே சிரிக்கிது" என்றான். சம்பந்தம் அந்தப் பக்கமே வராமல் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சு இறங்கியபோது மட்டும் எழுந்து வந்து, ஒரு சிட்டத்தைப் பிழிந்து பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பட்டறையின் பின்னால் விறகு போட்டு வைக்கிற பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. அவளும் சடையப்பனும் அதைக் காலி செய்து விரிசல்களைப் பூசினார்கள். கடைசியாகக் கவிழ்க்கிற தண்ணீரை ஓட்டைக்கு விடாமல் அதில் விட்டு, சுண்ணாம்பும் படிகாரமும் கரைத்து ஊற்றினாள். எவ்வளவு போட வேண்டும் என்பது பிடிபட நாளாயிற்று. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு காலையில் போய்ப் பார்த்தால் நிறமெல்லாம் அடியில் சேறாகப் படிந்து, மேலே வெளிறிய டீ மாதிரித் தண்ணீர் நின்றது. அதை அண்டா கழுவவும் தரை கழுவவும் எடுத்துக்கொண்டார்கள். பட்டை அவித்து அலசின கடைசித் தண்ணீரை மறுநாள் அவிப்பதற்கு வைத்துக்கொண்டார்கள். சேற்றை அள்ளிச் சாக்கில் கட்டி தகர ஷீட்டுக்கு அடியில் அடுக்கினாள். அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்ட இடத்திலும் யாருக்கும் தெரியவில்லை. ஓடையில் போவதற்கு இங்கே கிடக்கட்டும் என்று விட்டாள். அது சரியான பதில் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

ஆட்களைச் சமாளிப்பதுதான் பெரிய ரோதனையாக இருந்தது. ஒவ்வொருவரிடமும் இன்றைக்கு இல்லை, நாளைக்கு என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரே நிறம் கேட்டவர்களைச் சேர்த்து வைத்து ஒரே தடவையாக இறக்கினாள். "நாங்க இன்னா ரேஷன் கடைக்கா வந்தோம், லைன்ல நிக்கிறதுக்கு?" என்று ஒரு கிழவர் கத்தினார். அவருக்கு அபிதகுசாம்பாள் காபி கொடுத்து உட்கார வைத்தாள். அந்த மாசம் பட்டறைக்குக் காபித்தூள் தனியாக வாங்க வேண்டியிருந்தது.

அருணகிரி பட்டறையின் பழைய ஆள். மூன்று தறி வைத்து நெய்கிறவர். அவருக்குத்தான் கல்யாண ஆர்டருக்கு அரக்கு தேவைப்பட்டது. புடவையின் உடலுக்கான நூலை முந்தின மாசமே, பழைய வழக்கப்படி புதுத் தண்ணீரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். முந்தானைக்கு நூல் போதாமல் மறுபடி வந்திருந்தார்.

"ஜல்தியாப் போடும்மா. பொண்ணு வீட்டுக்காரன் உயிர எடுக்கிறான்."

"ஆரஞ்சு முடிஞ்சதும் உங்களுதுதாங்க."

"ஆரஞ்சு எவன் கட்டறான்? அவன்கிட்ட என் பேரச் சொல்லு, வழி வுடுவான்."

காத்திருந்து வாங்கிப் போனார். கொடுக்குமுன் சம்பந்தம் சிட்டத்தை முற்றத்துக்குக் கொண்டு போய், மழை விட்ட ஒரு துண்டு வெயிலில் பழைய நூலோடு சேர்த்துப் பார்த்தார். சாயம் ஒத்துப் போகிறதா என்று அந்த ஊரில் எல்லோரும் வெயிலில்தான் பார்ப்பார்கள். ஒன்று போலவே இருந்தது. தலையாட்டினார்.

அடுத்த வாரம் விளக்கு வைக்கிற நேரத்தில் அருணகிரி ஒரு துணி மூட்டையோடு வந்தார். சத்தம் தெருமுனையிலிருந்தே கேட்டது.

"சம்பந்தண்ணே! உங்க மருமவ எனக்கு ரெண்டு அரக்கு குடுத்துட்டா. ஒண்ணு பொண்ணுக்காம், ஒண்ணு மாமியாக்காரிக்காம்!"

டியூப்லைட்டுக்குக் கீழே புடவையை விரித்தார். உடல் ஆழ்ந்த அரக்காக இருந்தது. முந்தானை செங்கல் நிறமாகச் சிரித்தது. சம்பந்தம் புடவையை வாங்கி, விளக்கின் கீழே பார்த்தார். வாசலுக்குக் கொண்டு போய் மிச்சமிருந்த வெளிச்சத்தில் பார்த்தார். அங்கே இரண்டும் ஒன்றுதான். திரும்பி வந்து விளக்கின் கீழே பார்த்தார். இரண்டும் வேறுதான்.

"கல்யாணம் மண்டபத்துல நடக்குது. வெயில்லயா நடக்குது?" என்றார் அருணகிரி. "இத்த எப்டி நான் குடுக்கிறது? பொண்ணு நிக்கிற எடத்துல பாதி செவப்பு பாதி செங்கல்லா நிக்கும். பேஜாராப் போச்சிண்ணே."

சம்பந்தம் புடவையை மடித்தார். "சாயம் என் பட்டறைல போட்டது. நூலும் சாயமும் என்னுது. முந்தானையப் பிரிச்சிடு. காலைல புதுசாத் தர்றேன்."

"தறியில ஏத்தன கூலி?"

"அதையும் சேத்துதான்யா சொல்றேன். காபி குடிச்சிட்டுப் போ."

அருணகிரி காபி குடிக்காமலேயே போனார். ஜெயப்ரியா சுவரை ஒட்டி நின்றாள். மாமனார் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலாம் என்றிருந்தது.

"அடியில மஞ்ச ஒக்காந்துகினு இருந்திருக்கு" என்றார் அவர், யாரிடமோ சொல்வது போல. "வெயில்ல ஒளிஞ்சிக்கிது. லைட்டுல எட்டிப் பாக்குது. எனக்கே தெர்ல."

"என் தப்பு மாமா."

"பாத்துத் தலையாட்டனது நானு."

"நாளைக்கி அரக்கையே மொதல்ல எறக்கிடுங்க மாமா. பழையபடி. போதும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே அபிதகுசாம்பாள் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இருவருக்கும் தெரிந்தது.

"மஞ்சளும் ஆரஞ்சும் ஒழுங்காத்தான வந்துச்சி?"

"வந்துச்சி மாமா."

"பச்ச, மயில் கழுத்து?"

"அதுவும்."

"அரக்கு மட்டுந்தான் ஏமாத்திச்சி." நரைத்த தாடியைச் சொறிந்தார். "அரக்குக்குத் தனி அண்டா வெச்சிடு. புதுத் தண்ணி. பொழுது சாய எறக்கு. மத்தது உன் வரிச."

"அந்தத் தண்ணிய?"

"கவுக்காத. மூடி வை. காலைல காப்பிக்கொட்டைக்கும் கருப்புக்கும் எடுத்துக்கோ. கருப்புல இன்னா ஒளிஞ்சிகினு இருந்தாலும் எவனுக்கும் தெரியாது."

"ரெண்டு அடுப்பு எரியணுமே மாமா. நம்ம மிச்சம் புடிச்ச வெறகு அதுலயே போயிடும்."

"போவட்டும்." எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். தெருவுக்கு இறங்கியவர் திரும்பினார். "போன் பண்ணானா?"

"இன்னும் இல்ல மாமா."

"பண்ணா சொல்லு, தண்ணி நிக்கப் போவுதுன்னு. நான் சொன்னேன்னு சொல்லாத."

ஆனால் அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. முழுசாக நின்றபின் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டாள். அதைச் சொல்கிற அந்த ஒரு நிமிஷத்தை அவள் துணிக்குள் வைத்த பூவைப் போல வைத்திருந்தாள். கோலைத் திருப்பும்போதும், சுண்ணாம்பு கரைக்கும்போதும், தலை பின்னும்போதும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள். படுக்கையில் அவன் எந்தப் பக்கம் படுப்பான் என்பது கூட இப்போது யோசித்தால்தான் நினைவுக்கு வந்தது. அவன் வந்தபின் அது மறக்காது என்று நினைத்தாள்.

மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்தது. ஒரு மத்தியானம் கலையரசி பின்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

"ஏய் ஜெயா! எங்கடி என் தண்ணி?"

ஜெயப்ரியா சுவரில் எட்டிப் பார்த்தாள். ஓடையில் கலையரசியின் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அடியில் வெடித்த சேற்றில் பழைய நிறங்கள் வரி வரியாகக் காய்ந்து கிடந்தன.

"நிறுத்திட்டோம்க்கா."

"அதான் கேக்கறேன். தெனம் இன்னா கலரு வருதுன்னு பாத்தாத்தான் எனக்குப் பொழுது போவும். நேத்து பச்சையா, இன்னிக்கி ஊதாவான்னு எங்க வீட்டுக்காரருக்கு போன்ல சொல்லுவேன். இப்போ இன்னா சொல்றது?" சிரித்துவிட்டு இடுப்புக் கூடையை இறக்கினாள். "உங்க மாமா காலைல வந்தாரு. செருப்பக் கழட்டிட்டு ஓடையில எறங்கி நின்னாரு. எங்கிட்ட ஒண்ணும் பேசல. நானும் பேசல. நின்னாரு, போயிட்டாரு."

"கெணறு எப்டிக்கா கீது?"

"கெணறு உடனே திருந்திடுமா? ரெண்டு மழ வரணும், மூணு மழ வரணும். ஆனா இந்தப் பாத்தியப் புடுங்கிட்டுப் புதுசா நாத்து வெக்கப் போறேன். நீ நிறுத்தனது நெசந்தானா? பொறவு எனக்கு அல்வா குடுத்துடாத. நாத்து கடனுக்கு வாங்கறேன்."

"நெசந்தாங்க்கா."

"உம் புருஷன் ராஜி வந்துடுவான் இனிமே" என்றாள் கலையரசி. ஜெயப்ரியா சுவரிலிருந்து இறங்கிவிட்டாள்.

தண்ணீர் முழுசாக நிற்பதற்கு முன்னால் ஒரு தடவை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தாய்வீடு தேசூருக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருந்தாள். வந்து பார்த்தால் சுவர் ஓட்டைக்குக் கீழே ஓடை ஈரமாக இருந்தது. "அருணகிரி வந்து குந்திகினான். அவசரம்னான். இன்னா பண்றதும்மா, நீ இருந்தா வரிசயச் சொல்லுவ, நான் சொன்னா எவன் கேக்கறான்" என்றார் சம்பந்தம், முகத்தைப் பார்க்காமல். அவர் பொய் சொல்லவில்லை. நாற்பது வருஷப் பழக்கத்தில் யாரையும் காக்க வைக்க அவருக்கு வராது. அதற்கப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் "நாளைக்கி இன்னா மொதல்ல?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் சட்டையைப் போடுவார்.

கோழிகளைப் பார்த்த அன்றைக்கு ராஜ்குமார் போன் பண்ணினான். அவள் படியில் உட்கார்ந்து, ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொன்னாள்.

"தண்ணி நின்னுடுச்சிங்க."

"இன்னா?"

"ஓடையில தண்ணி இல்ல. காஞ்சி கெடக்குது."

அவன் நம்பவில்லை. பிறகு நம்பினான். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். சுண்ணாம்பு எவ்வளவு, படிகாரம் எவ்வளவு, சேறு எங்கே போகிறது, அரக்கை எப்படிச் சமாளித்தாய். முந்தானை கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். "வேற வேற வெளிச்சத்துல கலரப் பாக்க இங்க தனியா ஒரு வெளக்குப் பொட்டியே வெச்சிகினு கீறோம்! அப்பா கூலியும் குடுத்தாரா? எங்கப்பாவா?" அவன் குரல் இவ்வளவு நிறைந்து அவள் கேட்டதே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் போனில் பேசிய நாட்களில் இப்படி இருந்தது.

அவள் காத்திருந்தாள். பஸ்ஸைப் பற்றி அவளாகக் கேட்கக் கூடாது என்று இருந்தாள். கேள்விகள் மெல்ல ஓய்ந்தன.

"நான் கூட நெனைக்கல ஜெயா. நானே இருந்திருந்தாலும் அவர இவ்ளோ தூரம் கொண்டாந்திருக்க மாட்டேன். சண்டதான் போட்டிருப்பேன்."

"இப்ப சண்டைக்கு இன்னா கீதுங்க?"

"எங்க ரெண்டு பேருக்கும் அது எப்பவும் கீது. தண்ணி இல்லன்னா வேற ஒண்ணு." பேச்சை மாற்றினான். "இங்க என்னை ஷிஃப்டு இன்சார்ஜ் ஆக்கியிருக்காங்க. உங்கிட்ட நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். ரெண்டு ரூம் வீடு பாத்து வெச்சிருக்கேன். மாடி. காத்து நல்லா வருது. நீ வந்துடேன்."

படிக்குக் கீழே சம்பந்தம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவள் போனில் இருப்பதைப் பார்த்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் தெருவுக்கு இறங்கினார்.

"நான் வந்துட்டா இங்க?" என்றாள்.

"அப்பா பாத்துப்பாரு."

"பாத்துக்க மாட்டாருங்க. ரெண்டு நாள் நான் இல்ல. வந்து பாத்தா ஓட ஈரமாக் கீது. அவரு கெட்டவரு இல்ல. எவனாவது வாசல்ல வந்து நின்னா அவரால இல்லன்னு சொல்ல முடியாது. கலையரசிக்கா கடனுக்கு நாத்து வாங்கப் போறாங்க. நான் வந்தா தண்ணி மறுபடியும் ஓடும்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"ஓடட்டும்" என்றான் ராஜ்குமார்.

அவள் பின்சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஓடட்டும் ஜெயா. எனக்கு முடியில. ரூமுக்கு வந்தா செவுத்தப் பாத்துகினு குந்தியிருக்கேன். ஊர்ல அவனவன் விடறான், நம்ம ஒரு ஓட்ட வழியாப் போறதுதான் கேடா? நீ வந்துடு."

இவ்வளவு நாளும் அவன் வாயிலிருந்து கேட்க ஏங்கியது இதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ இல்லாமல் முடியவில்லை என்பது. அது வந்துவிட்டது. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த மற்றதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. இரண்டையும் பிரிக்கவும் முடியவில்லை.

"ஓடட்டும்ங்கற இந்த வார்த்தைய ரெண்டு வருஷத்துக்கு முந்தி உங்க அப்பாகிட்ட சொல்லியிருந்தா, நீங்க போயே இருக்க வேணாமேங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அவன் அதைப் புரிந்துகொண்டான் போலிருந்தது. சிரிப்பது மாதிரி ஒரு மூச்சு வந்தது. அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

"அப்ப வர மாட்டியா?"

"சின்னதுரை நெலத்தப் பத்தி நீங்க சொன்னத நீங்களே மறந்துட்டீங்கன்னா அப்பறம் நான் யாருகிட்ட வர்றது?"

அவன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. தெருவில் பால்காரர் வண்டி போயிற்று. எங்கோ ஒரு தறி அடித்துக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் ஒரு சத்தம் கிளம்பி, பெரிதாகி, அடங்கியது. அவன் கவனிக்கவில்லை. மறுபடியும் கிளம்பியது. அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஆளுக்குப் போடுகிற சின்னக் குக்கர்.

"விசில் வந்துடுச்சி பாருங்க" என்றாள். "சோறு கொழைஞ்சிடும். போய் அடுப்ப அணைங்க. நான் லைன்லயே கீறேன்."